ஊர் பிரஷரெல்லாம் என் பேர்ல

தலைநகரம் சூவாவுலருந்து நர்ஸ் ஷலேஷ்னி போன் பண்ணினப்ப நான் முழங்கால் சேத்துல நின்னு சேப்பங்கிழங்கு பிடுங்கிட்டிருந்தேன்.

"சலாசெய்னி அக்கா, நல்லாத்தானே இருக்கீங்க? மயக்கம் கியக்கம் இல்லையே?"

"எனக்கென்ன கேடு? வேலையா இருக்கேன், விஷயத்தைச் சொல்லு."

"முதல்ல ஒரு இடத்துல உக்காருங்க."

"சேத்துல எங்கடி உக்கார்றது? சும்மா சொல்லு."

அவ சொன்னா. முந்தின நாள் காலையில என் பிரஷர் நூத்திப் பத்து. கொஞ்ச நேரம் கழிச்சு நூத்தி எழுபது. மத்தியானம் தொண்ணூத்தஞ்சு. சாயந்தரம் இருநூத்திப் பன்னெண்டு. "ஒரே மனுஷிக்கு இப்படி ஏறி இறங்கி நான் பார்த்ததே இல்லக்கா. டாக்டர் உங்க மாத்திரையை ரெண்டு மடங்காக்கச் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க குரலைக் கேட்டுடலாம்னுதான் கூப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அது ஒரு மனுஷி இல்லடி. அது எங்க ஊரு."

எங்க நாவெசில டவர் கிடைக்கிறது மேட்டுல இருக்கிற எங்க வீட்டுலயும் அதுக்குக் கீழ எங்க கிழங்குத் தோட்டத்துலயும் மட்டும்தான். அதனால சுகாதாரத் திட்டத்துக்காரங்க படகுல வந்தப்ப அந்த மெஷினை எனக்குத்தான் கொடுத்தாங்க. கையில பட்டையைச் சுத்திப் பொத்தானை அமுக்கினா போதும். நம்பரை அதுவே ஞாபகம் வச்சுக்கும். போன் பக்கத்துல வந்ததும் உள்ள இருக்கிறதையெல்லாம் போனுக்குக் கொட்டும். போன் சூவாவுக்கு அனுப்பும். அங்க ஷலேஷ்னி பார்த்துட்டு, மாத்திரை போட்டீங்களா, உப்பைக் குறைச்சீங்களான்னு எனக்கு எழுதுவா. சூவால ஒருத்தி என் ரத்தத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கான்னு நான் ஊர்ல கொஞ்சம் கழுத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் நடந்தேன். ஏன் நடக்கக் கூடாது?

அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கல. எங்க கண்டாவுத் தீவுல சொந்தக்காரன் வாசல்ல வந்து நின்னு "கேரேகேரே"ன்னு ஒண்ணைக் கேட்டுட்டா இல்லைன்னு சொல்ற வழக்கம் கிடையாது. படகைக் கேப்பான், பன்னியைக் கேப்பான், போட்டிருக்கிற சட்டையைக் கூடக் கேப்பான். நாளைக்கு நானும் போய் அவன்கிட்டக் கேப்பேன். அப்படித்தான் நாங்க வாழ்றோம். மெஷினும் அப்படியே வீடு வீடா கிளம்பிடுச்சு. காலையில போனா பொழுது சாய வரும். வந்ததும் ஊர் பிரஷரெல்லாம் என் பேர்ல ஏறிடும். அது என் தலையில இடியா இறங்கும்னு யாருக்குத் தெரியும்?

இதைச் சொன்னதும் ஷலேஷ்னி போன்லயே தலையில அடிச்சுக்கிட்டா. "அக்கா, அது உங்க ஒருத்தருக்குக் கொடுத்தது. பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. அதைப் போய் யாராவது கடன் கொடுப்பாங்களா?"

"எங்க வீட்டுக்காரர் அதையே ரெண்டு தடவை கொடுத்திருக்காரு."

அவ சிரிச்சா. உடனே குரல் மாறிடுச்சு. "சரிக்கா, அந்த இருநூத்திப் பன்னெண்டு யாரு? அது நீங்க இல்லைன்னா வேற யாரோ ஒருத்தரு. அவங்களுக்கு எந்த நேரமும் மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாம். தயவுசெஞ்சு கண்டுபிடிங்க."

கிழங்கை அப்படியே போட்டுட்டு மேட்டுக்கு ஓடினேன். எங்க வீட்டுக்காரர் இனோசி நிழல்ல மல்லாந்து கிடந்தாரு. அந்த மனுஷனுக்கு வாய் மட்டும் இல்லைன்னா என்னிக்கோ நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.

"யோவ், எழுந்திரு. நேத்து மெஷினைக் கடைசியா யார் கொண்டு வந்து கொடுத்தது?"

"உங்கண்ணி லொசலினி. அவளுக்கு ஏதோ தலைவலியாம், பார்க்கணும்னு வாங்கிட்டுப் போனா."

லொசலினி அண்ணி ஊதினா பறக்கிற ஆளு. அந்தத் தொண்ணூத்தஞ்சு அவங்களுதுதான். போனைத் திறந்து பார்த்தேன். தொண்ணூத்தஞ்சுக்கு அப்புறம் நேரம் விட்டு இருநூத்திப் பன்னெண்டு. அது ஒண்ணுன்னுதான் நினைச்சிருந்தேன். கீழ தள்ளினா இன்னும் இருந்துச்சு. இருநூத்திப் பதினஞ்சு, இருநூத்தி ஒம்பது, இருநூத்திப் பதினாலு. எல்லாம் அடுத்தடுத்து, மூச்சு விடற நேரத்துல எடுத்தது.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த வீட்டுல அண்ணியை விட்டா இருக்கிறது எங்கண்ணன் செமேசா மட்டும்தான். அண்ணி வெளிய போன நேரம் பார்த்துத் தனியா உக்காந்து கட்டியிருக்காரு. நம்பரை நம்பாம திரும்பக் கட்டியிருக்காரு, இறங்காதான்னு திரும்பத் திரும்பக் கட்டியிருக்காரு. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மெஷினைப் பைக்குள்ள வச்சு அண்ணி கையில கொடுத்து விட்டுட்டாரு. செமேசாவுக்குப் பயம்னா என்னன்னு தெரியாதுன்னு கண்டாவு பூராச் சொல்வாங்க. அவரு பயந்ததை நான் என் போன்ல பார்த்தேன்.

எங்கப்பா இதே வயசுல படகை இழுக்கறப்ப மணல்ல விழுந்தாரு. ஒரு பக்கம் போயிடுச்சு, பேச்சும் போயிடுச்சு. சாகற வரைக்கும் வாயில ஊட்டினது அண்ணன்தான். அந்தப் படகோட சுக்கான் இப்ப அண்ணன் கையில இருக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை அக்கரை ஹைஸ்கூலுக்குக் கொண்டு போய் விடறதும் வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றதும் அவருதான். பிரஷர் இவ்வளவுன்னு தெரிஞ்சா ஊர்த்தலைவரு சுக்கானைப் பிடுங்கிடுவாரு. அது அண்ணனுக்குத் தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கல.

சாயந்தரம் அண்ணியைத் தண்ணிக் குழாய்கிட்டப் பிடிச்சேன்.

"உங்கண்ணன்கிட்ட நான் கேட்டுப் பார்த்துட்டேன் சலா," ன்னாங்க, கண்ணு கலங்கிடுச்சு. "கை நடுங்குதே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னேன். உன் மெஷினு கை மாறி மாறிக் கெட்டுப்போச்சாம். மாத்திரை ஆரம்பிச்சா அதோட ஆள் முடிஞ்சான்னு வேற சொல்றாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு, நான் என்ன பண்ணட்டும்?"

நேரா போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இந்த ஊர்ல நான் திட்டாத ஆம்பளைங்க ரெண்டே பேரு. ஒருத்தர் பாதிரியாரு, இன்னொருத்தர் எங்கண்ணன். வயசுக்கு வந்ததிலருந்து நானும் அண்ணனும் ஒருத்தர் முகத்தைப் பார்த்து ஒருத்தர் பேசினதில்ல. சண்டை ஒண்ணும் இல்ல, எங்க பக்கம் கூடப் பிறந்தவங்களுக்குள்ள மரியாதையே அதுதான். அவரு ஒரு வாசல்ல நுழைஞ்சா நான் மறு வாசல்ல வெளிய போவேன். என் மூத்த பையன் பிறந்தப்ப கை நீளத்துக்கு ஒரு மீனைக் கொண்டு வந்து படியில வச்சுட்டு, உள்ள எட்டிக்கூடப் பார்க்காமப் போனவரு. ஊர்த்தலைவர்கிட்டப் போய்ச் சொல்றதும் முடியாது. அண்ணன் மானத்தைத் தங்கச்சி சந்தியில வைக்கிறதை விடக் கேவலம் எங்க ஊர்ல வேற இல்ல.

மிச்சம் இருந்தது எங்க வீட்டுக்காரரு. மச்சானும் மச்சானும் எங்க ஊர்ல என்ன வேணா பேசலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. ஒருத்தனை ஒருத்தன் கேலி பண்ணாம விட்டாத்தான் ஏதோ மனஸ்தாபம்னு ஊர் நினைக்கும். அந்த உரிமையை இனோசி முப்பது வருஷமா ஒரு நாள் கூட வீணாக்கினதில்ல.

விஷயத்தைச் சொல்லி நம்பரைக் காட்டினேன். கேலி பண்ணுவாருன்னு பார்த்தேன், பண்ணல. "செமேசாவுக்கா?"ன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் மெஷினைத் தூக்கிக் கக்கத்துல வச்சுட்டு ஊர்க்கூடத்துக்கு நடந்தாரு.

கூடத்துல ஆம்பளைங்க யங்கோனா வேரை இடிச்சுத் தண்ணியில கரைச்சு குடிச்சுக்கிட்டிருந்தாங்க. நாங்க பொம்பளைங்க பின்பக்கச் சுவருக்கு வெளிய பாய் பின்ன உக்காந்தோம், இடுக்கு வழியா உள்ள கொஞ்சம் தெரியும். என் விரல்தான் பின்னுச்சு, காது உள்ள இருந்துச்சு.

"பெரியவங்களே, ஒரு பிராது," ன்னு இனோசி ஆரம்பிச்சாரு. "இந்த மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஊர்ல ஒருத்தரு சொல்லிட்டுத் திரியறாராம். என் பொண்டாட்டி மெஷினைக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல எவனுக்குடா தைரியம்? எனக்கே இல்ல."

கூடமே சிரிச்சுது. ஊர்த்தலைவர் கையை முதல்ல பிடிச்சுக் கட்டினாரு. நூத்தி இருபத்தெட்டு. அப்புறம் ரக்பி ஆடற பையன் ஒருத்தனுக்குப் பார்த்தாரு, நூத்திப் பதினஞ்சு. "கெட்டுப்போன மெஷினு எல்லாருக்கும் எவ்வளவு நல்ல நம்பரா காட்டுது பாருங்க. இப்ப ஆரோக்கியம்னா என்னன்னு நான் காட்டறேன்," ன்னு தன் கையிலயே சுத்திக்கிட்டாரு.

மெஷின் உறுமிட்டு நின்னுச்சு. யாரோ எட்டிப் பார்த்துப் படிச்சாங்க. நூத்தி எழுபத்தாறு.

நாடகம்தான் ஆடறாருன்னு நினைச்சேன். இல்ல. அவருக்கே தெரியாம அவருக்கும் இருந்திருக்கு. என் கையிலருந்து ஓலை நழுவிடுச்சு. ஊருக்கெல்லாம் கட்டி விட்டவ, கூடப் படுத்திருக்கிறவனுக்கு ஒரு நாள் கட்டிப் பார்க்கல. இந்தாளு குண்டுக்கல்லு மாதிரி இருக்காரு, இவருக்கென்ன வரும்னு இருந்துட்டேன்.

இனோசி பட்டையை அவுத்தாரு. "சரி, நான் போயிட்டா சலா யாரைத் திட்டுவா? அவ வாய் துருப்பிடிச்சுடுமே." அண்ணன் பக்கம் திரும்பினாரு. "மச்சான், கையை நீட்டு."

"எனக்கு வேணாம்." அண்ணன் குரல்.

"ஏன், உன் கைக்குப் பட்டை எட்டாதா?"

"இனோசி, விளையாடாதே."

"விளையாடத்தானே நான் மச்சானா வந்திருக்கேன்? உனக்குத் தம்பியா பிறந்திருந்தா மூலையில உக்காந்து மரியாதையா அழுதிருப்பேன்." இனோசி விடல. "புயல்ல படகு விடற ஆளு. ஒரு முழம் துணிக்குப் பயப்படறாரு, பாருங்கடா."

அப்புறம் பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. மெஷின் உறுமுச்சு. லொசலினி அண்ணி என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டாங்க, நகம் பதிஞ்சுது.

"இருநூத்திப் பத்து," ன்னு இனோசி படிச்சாரு. "ஜெயிச்சுட்டான்டா பாவி. எதுலயும் என்கிட்டத் தோக்க மாட்டேங்கறான்."

யாரோ ஒருத்தர் சிரிச்சாங்க. அது அண்ணன்தான். சின்ன வயசுல கேட்ட அதே சிரிப்பு. எனக்குப் பொசுக்குன்னு அழுகை வந்துடுச்சு.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம் மச்சான். மாத்திரையை வாங்கறோம். எவன் நம்பர் முதல்ல நூத்தி நாப்பதுக்குக் கீழ இறங்குதோ அவன் ஜெயிச்சான். தோத்தவன் பன்னி அடிச்சு ஊருக்குப் போடணும்."

"உன்கிட்டத்தான் பன்னியே இல்லையே."

"அதனாலதான் நான் தோக்கப் போறதில்ல."

நம்பர் இறங்கற வரைக்கும் அண்ணன் சுக்கானைத் தொடக் கூடாதுன்னு ஊர்த்தலைவரு சொல்லிட்டாரு. அண்ணன் மறுப்பு சொல்லல. அதுவரைக்கும் நான் ஓட்டறேன்னு இனோசி எழுந்தாரு. அந்த மாசம் பூரா எங்க ஊர்ப் பிள்ளைங்க நனைஞ்ச துணியோடத்தான் பள்ளிக்கூடம் போச்சுங்க.

அடுத்த சண்டை எனக்கும் ஷலேஷ்னிக்கும். ஆளுக்கொரு மெஷின்தான் முறைங்கறா, அவ்வளவு மெஷின் எங்ககிட்ட இல்லைன்னும் அவளே சொல்றா.

"அப்ப மெஷினை யாருக்கும் கொடுக்காதீங்கக்கா. நீங்க மட்டும் வச்சுக்கங்க."

"கொடுக்காம இருந்திருந்தா எங்கண்ணனை இந்நேரம் புதைச்சிருப்போம். ஏண்டி, எங்க ஊரை மாத்தறது சுலபமா, உன் மெஷினை மாத்தறது சுலபமா? நீயே சொல்லு."

அவ நல்ல பொண்ணு. ராத்திரி பூரா யோசிச்சாளோ என்னவோ, மேலிடத்துல போய்ச் சண்டை போட்டா. இப்ப போனைத் திறந்தா முதல் கேள்வியே அதுதான்: இது யார் கை? மெஷின் கொண்டு வந்த நம்பரை அந்தந்தப் பேர்ல போட்டுடலாம். நாவெசில வயசுக்கு வந்த அத்தனை பேரும் இப்ப அதுக்குள்ள இருக்காங்க. யாருக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, யாரு மூணு நாளாக் கட்டல, எல்லாம் தெரியும். பாதிரியாரு உப்புக் கண்டம் தின்னது கூடத் தெரிஞ்சுபோச்சு, பாவம்.

"அக்கா, ஒத்த மெஷினை வச்சு எப்படி ஒரு ஊரையே பிடிச்சீங்கன்னு மேல கேக்கறாங்க," ன்னா ஒரு நாள்.

"நாங்க யாரையும் பிடிக்கல. கேரேகேரேன்னு அவங்களே வந்து வாங்கிட்டுப் போனாங்கன்னு சொல்லு. எங்க வழக்கத்தைக் கெட்ட பழக்கம்னு சொன்னவங்களுக்குச் சேத்துச் சொல்லு." எனக்கு அன்னிக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்ல. இன்னும் குறையல.

மச்சானுங்க ரெண்டு பேரும் அடிச்ச கூத்துதான் தாங்க முடியல. டின் மாட்டுக்கறியை ஒருத்தன் தொட்டா இன்னொருத்தன் ஊரைக் கூட்டுவான். நூடுல்ஸ் பாக்கெட்ல வர்ற மசாலாப் பொடியை அண்ணன் வீட்டுக் குப்பையில கண்டுபிடிச்சு இனோசி கூடத்துல கொண்டு வந்து வச்சாரு. அது இனோசியே போட்டதுன்னு அண்ணன் சத்தியம் பண்ணாரு. யங்கோனாச் சட்டியை எட்டு மணியோட கவுத்து வச்சாங்க. நம்பர் கொஞ்சம் இறங்கினதும் அண்ணன் மாத்திரையை நிறுத்தினாரு, மறு நாளே ஏறிடுச்சு. ஷலேஷ்னி எழுதினா, நான் அண்ணிகிட்டச் சொன்னேன், அண்ணி மாத்திரையை அவரு நாக்குல வச்சுட்டுத்தான் நகர்ந்தாங்க.

தினம் காலையில அண்ணி மெஷினைக் கொண்டு வருவாங்க, அண்ணன் நம்பர் என் போன்ல வந்து விழும். நூத்தி எண்பத்தெட்டு. நூத்தி எழுபது. நூத்தி அம்பத்தொம்பது. அண்ணன் எப்படி இருக்காருன்னு எப்பவும் அடுத்தவங்க வாயிலதான் கேட்டிருக்கேன். இப்ப அவரே தினமும் வந்து சொல்ற மாதிரி இருந்துச்சு. அதைப் பார்க்காம நான் டீத்தண்ணி வைக்க மாட்டேன்.

ஜெயிச்சது அண்ணன்தான். இனோசி யார்கிட்டயோ போய்க் கேரேகேரேன்னு ஒரு பன்னியை வாங்கிட்டு வந்து அடிச்சாரு. ஆஸ்பத்திரில சரின்னு சொன்னதும் அந்த வாரமே அண்ணன் படகை எடுத்தாரு. பிள்ளைங்க கைதட்டுச்சுங்க. நனையாமப் போறதுக்குத் தட்டிச்சுங்களோ, அவருக்காகத் தட்டிச்சுங்களோ. அண்ணன் கண்ணுல படாம கரையில பொம்பளைங்களுக்கெல்லாம் பின்னாடிதான் நான், ஆனா நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு அண்ணன் மேட்டுக்கு வந்தாரு, கையில மீன். அவரு தலை தெரிஞ்சதும் நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன். அவரு வெளிய இனோசி பக்கத்துல உக்காந்தாரு. எப்பவும் மெதுவாப் பேசற மனுஷன், அன்னிக்குக் குரலைக் கொஞ்சம் தூக்கினாரு.

"மச்சான், உங்க வீட்ல என் நம்பரைப் பாக்கிறவங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. உன் நம்பரைப் பாத்துட்டு என்னைத் திட்டறவங்க."

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்னிக்காவது காலையில என் நம்பர் வரலைன்னா, ஆளை அனுப்பிட்டு இங்க உக்காந்திருக்க வேணாம். அவங்களே வரட்டும். வாசல்ல நிக்க வேணாம், நான் இருந்தாலும் உள்ள வரட்டும். என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். நானே சொன்னேன்னு சொல்லு."

என் கையில இருந்த கரண்டியை எங்க வைக்கிறதுன்னு தெரியல எனக்கு. அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். எங்கண்ணன் மாதிரி ஒரு அண்ணன் யாருக்கு இருக்காருன்னு தோணுச்சு.

இனோசி அடுப்படிப் பக்கம் திரும்பினாரு. "சலா, உங்கண்ணன் என்ன சொல்றாருன்னா..."

"கேட்டுச்சு." கரண்டியைக் கீழ வச்சேன். "ஏங்க, உங்க மச்சான்கிட்டச் சொல்லுங்க. வர்றேன்னு சொல்லுங்க. ஆனா அப்படி ஒரு நாள் என்னை வர வச்சாருன்னா, இத்தனை வருஷமா பேசாம விட்டதையெல்லாம் சேத்து வச்சுத் திட்டுவேன்னு சொல்லுங்க. வட்டியோட."

"மச்சான், அவ என்ன சொல்றான்னா..."

"கேட்டுச்சு," ன்னாரு அண்ணன்.

மீனை வச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே அண்ணி மெஷினோட வந்து கதவைத் தட்டினாங்க.